பிளேக் நோயை வென்ற ஈப்போ மருத்துவர்

பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போ, ஒரு காலத்தில் ஈயத்தால் செழித்த ஊர். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் உழைத்தனர். நகரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பால்மரம் சீவினர். அந்த ஈப்போவில் 1937ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாதாரண மருத்துவராகப் பணியாற்றினார் ஒரு முதியவர். காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்கு என்று வந்தவர்களைப் பரிசோதித்து மருந்து கொடுத்து அனுப்புவது அவரது அன்றாடப் பணி. அவரது பெயரை உலக மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த கொள்ளைநோயைத் தடுத்து நிறுத்தியவர் அவர். நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்ட முதல் மலாயாக்காரரும் அவரே. அவர்தாம் டாக்டர் வூ லியென் தே.

பினாங்கில் பிறந்த மாணவர்

வூ லியென் தே 1879ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். அவருடைய தந்தை சீனாவின் குவாங்தோங் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த பொற்கொல்லர். தாயார் பினாங்கிலேயே பிறந்தவர். உடன்பிறந்தோர் பலர் இருந்த பெரிய குடும்பம் அது. பிள்ளைகளைப் படிக்க வைப்பதே குடும்பத்தின் பெரிய செல்வமாகக் கருதப்பட்டது.

பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்ற வூ, படிப்பில் முதன்மையாக விளங்கினார். 1896ஆம் ஆண்டில் மகாராணியார் உபகாரச் சம்பளத்தைப் போட்டித் தேர்வின் வழி பெற்றார். நீரிணைக் குடியேற்றப் பகுதிகளில் மிகச் சிலருக்கே கிடைத்த அரிய வாய்ப்பு அது. பதினேழு வயதில் கப்பலேறி இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் இம்மானுவல் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். சீன வம்சாவளியினர் ஒருவர் அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தது அதுவே முதல் முறை.

இலண்டனில் மருத்துவமனைப் பயிற்சியை முடித்த பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. லிவர்பூலிலும், ஜெர்மனியிலும், பாரிசின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலும் கிருமியியல் கற்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே பல நோய்களுக்குக் காரணம் என்ற உண்மை அப்போதுதான் உறுதிப்பட்டு வந்தது. நுண்ணோக்கியில் பார்த்துக் கிருமியை அடையாளம் காணும் கலையில் அவர் தேர்ச்சி பெற்றார். பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தது அந்தப் பயிற்சிதான்.

அபினுக்கு எதிரான குரல்

1903ஆம் ஆண்டில் மலாயா திரும்பிய வூ, கோலாலம்பூரில் இருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஓராண்டு ஆய்வு செய்தார். கால்களை வீங்க வைத்து உயிரைப் பறித்த பெரிபெரி நோயும், வயிற்றில் வளரும் உருண்டைப் புழுக்களும் அவரது ஆய்வுப் பொருள்களாக இருந்தன. ஆங்கிலேயர் ஆட்சியில் உயர் மருத்துவப் பதவிகள் ஐரோப்பியர்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. எவ்வளவு படித்திருந்தாலும் உள்ளூர்க்காரர் ஒருவர் அப்பதவிகளை எட்ட முடியவில்லை. ஆகவே, அவர் பினாங்கில் தனியாக மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில் அபின் விற்பனை சட்டப்படி நடந்தது. அதனால் அரசுக்குப் பெரும் வருமானமும் கிடைத்தது. உழைத்துச் சம்பாதித்த காசைத் தொழிலாளர்கள் அபின் புகையில் தொலைத்தனர். இதைக் கண்டு மனம் வருந்திய வூ, அபின் ஒழிப்பு இயக்கத்தில் முன்னின்று உழைத்தார். 1906ஆம் ஆண்டில் அவர் ஏற்பாடு செய்த அபின் எதிர்ப்பு மாநாட்டில் ஏறத்தாழ 2,000 பேர் கலந்துகொண்டனர்.

இம்முயற்சி அவருக்குப் பகைவரையும் தேடித் தந்தது. அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருத்துவத்திற்காக முறைப்படி வாங்கி வைத்திருந்த சிறிதளவு அபின் மருந்தைக் காரணம் காட்டி அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவருக்குத் தண்டமும் விதிக்கப்பட்டது. மனம் நொந்திருந்த அவ்வேளையில், சீனாவிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தியென்சின் நகரில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் துணை இயக்குநர் பொறுப்பை ஏற்று, 1908ஆம் ஆண்டில் அவர் சீனா சென்றார்.

பனியில் பரவிய நோய்

1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் ஒரு மர்ம நோய் பரவியது. காய்ச்சலும் இருமலும் வரும்; சளியில் இரத்தம் கலந்திருக்கும்; ஓரிரு நாள்களில் நோயாளி இறந்துவிடுவார். நோய் கண்டவர்களில் பிழைத்தவர்களைக் காண்பதே அரிதாக இருந்தது. ரயில் பாதையை ஒட்டிய ஊர்களில் நோய் வேகமாகப் பரவியது. நிலைமையை ஆராய்வதற்காக 31 வயது மருத்துவர் வூவைச் சீன அரசு அனுப்பியது.

டிசம்பர் 24ஆம் நாள் அவர் ஹார்பின் நகரை வந்தடைந்தார். கடுங்குளிரில் மண்ணும் பாறைபோல் உறைந்திருந்தது. அந்நகரின் சீனர் குடியிருப்பான ஃபூஜியாதியென் பகுதியில் நாள்தோறும் மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். நோய் எதுவென்று உறுதி செய்ய, இறந்தவரின் உடலை அறுத்துப் பார்க்க வேண்டும். ஆனால், அது பெரும் பாவமாகக் கருதப்பட்ட காலம் அது. சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. வூ துணிந்தார். மூன்றாம் நாள், நோயால் இறந்த ஜப்பானியப் பெண் ஒருவரின் உடலை இரகசியமாகப் பரிசோதித்தார். நுரையீரலிலும் மற்ற உறுப்புகளிலும் இருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பிளேக் பாக்டீரியா அங்கே திரள் திரளாக இருந்தது.

பிளேக் நோய் உலகம் அறிந்த ஒன்றுதான். எலிகளின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி கடிப்பதால் அது மனிதருக்கு வருகிறது என்பதை மருத்துவர்கள் அப்போது கண்டறிந்திருந்தனர். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டி வீங்குவது அதன் அடையாளம். ஆனால், ஹார்பின் நோயாளிகளுக்கு நெறி கட்டவில்லை. அவர்களுடைய நுரையீரல்தான் முதலில் தாக்கப்பட்டிருந்தது. எலிகளைப் பிடித்துச் சோதித்தபோதும் கிருமி அகப்படவில்லை. இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்த வூ ஒரு முடிவுக்கு வந்தார். இது நுரையீரல் பிளேக். இதற்கு எலியும் தெள்ளுப்பூச்சியும் தேவையில்லை. நோயாளி இருமும்போது தெறிக்கும் எச்சில் துளிகளின் வழி, மனிதரிடமிருந்து மனிதருக்கு இது நேரடியாகப் பரவுகிறது என்பதே அம்முடிவு.

மருந்து இல்லாத போர்

அக்காலத்தில் பிளேக் நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. எதிருயிரி மருந்துகள் கண்டுபிடிக்கப்பட இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. நோய் வந்தவரைக் காப்பாற்ற வழியில்லை. எனவே, நோய் இன்னொருவரைச் சென்று சேராமல் தடுப்பது ஒன்றே வழி என்று வூ கருதினார். அவருடைய திட்டம் முழுவதும் இந்த ஒரே கருத்தின்மேல் எழுந்தது.

முதலில் அவர் முகக்கவசத்தை உருவாக்கினார். காயத்திற்குக் கட்டும் மெல்லிய துணியை மடித்து, நடுவே பஞ்சை வைத்து, மூக்கையும் வாயையும் மூடி, தலைக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும்படி அது அமைந்தது. மிகக் குறைந்த செலவில், யாரும் எளிதில் செய்துகொள்ளலாம். மருத்துவர்களும் தாதியரும் பிணம் தூக்குவோரும் பொதுமக்களும் அதை அணிய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இன்று நாம் அணியும் முகக்கவசங்களின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று.

எல்லாரும் அவருடைய கருத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. பிளேக் நோயை எதிர்த்து முன்பே அனுபவம் பெற்றிருந்த பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெஸ்னி, நோய் எலிகளால்தான் பரவுகிறது என்று உறுதியாக நம்பினார். இளைஞரான வூவின் பேச்சை அவர் பொருட்படுத்தவில்லை. முகக்கவசம் அணியாமலேயே நோயாளிகளைப் பார்வையிட்டார். சில நாள்களிலேயே நோய் தொற்றி இறந்துபோனார். இத்துயரச் செய்தி பரவிய பின்னர், முகக்கவசத்தை ஏளனம் செய்தவர்களும் அதைத் தேடி வாங்கி அணிந்தனர்.

அடுத்து, நோயாளிகளையும் அவர்களோடு பழகியவர்களையும் வூ தனித்தனியே பிரித்தார். நோயாளிகளோடு பழகியவர்களைத் தங்க வைக்க ரயில் பெட்டிகள் பயன்படுத்தப்பட்டன. ஃபூஜியாதியென் பகுதி நான்கு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு வட்டாரத்தார் இன்னொரு வட்டாரத்திற்கு அனுமதியின்றிச் செல்ல முடியாது. ஒவ்வொரு வட்டாரத்தாரும் தத்தமக்குரிய நிறத்தில் அடையாளச் சின்னம் அணிந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் காவல் காத்தனர். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறியும் பணியும் நடந்தது.

தனிமைப்படுத்தும் முறை மலாயாத் தமிழருக்கும் புதியதன்று. கப்பலில் வந்த தொழிலாளர்கள் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் இறக்கப்பட்டு, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஹார்பினில் வூ இம்முறையை ஒரு நகரம் முழுமைக்கும் விரிவாக்கினார்.

எல்லாவற்றினும் கடினமான முடிவு இன்னும் எஞ்சியிருந்தது. நகருக்கு வெளியே 2,000க்கும் மேற்பட்ட சடலங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. உறைந்த மண்ணைத் தோண்ட முடியவில்லை. அச்சடலங்களில் கிருமிகள் உயிரோடு இருக்கலாம். அவற்றை எரித்துவிடுவதே பாதுகாப்பு என்று வூ முடிவு செய்தார். முன்னோர் வழிபாட்டில் ஊறிய சீன மக்களுக்கு, இறந்தோரின் உடலை எரிப்பது நினைத்தும் பார்க்க முடியாத செயல். அவர்களுடைய உணர்வை வூ நன்கு அறிந்திருந்தார். எனவே, தாமாக எதையும் செய்துவிடாமல், பேரரசரின் அனுமதியைக் கேட்டுக் காத்திருந்தார். அனுமதி கிடைத்ததும், 1911ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் சடலங்கள் எரியூட்டப்பட்டன.

அதன்பின் இறப்பு எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. மார்ச் 1ஆம் நாளோடு ஹார்பினில் நோய் ஓய்ந்தது. நான்கு மாதங்களில் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட அந்த நோயை, ஒரு துளி மருந்தும் இன்றி மனிதர்கள் அடக்கிவிட்டனர்.

உலகம் கேட்ட பாடம்

1911ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஷென்யாங் நகரில் அனைத்துலக பிளேக் மாநாடு நடைபெற்றது. பதினொரு நாடுகளின் மருத்துவ அறிஞர்கள் அதில் கலந்துகொண்டனர். மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய வூவுக்கு அப்போது வயது 32. பொற்கொல்லரின் மகனான பினாங்குக்காரர் சொல்வதை உலகப் புகழ்பெற்ற அறிஞர்கள் குறிப்பெடுத்துக்கொண்டனர்.

நோய் அடங்கியதும் வேலை முடிந்துவிட்டது என்று வூ எண்ணவில்லை. மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புச் சேவையை நிறுவி, மருத்துவமனைகளையும் ஆய்வுக்கூடங்களையும் அமைத்தார். 1920, 1921ஆம் ஆண்டுகளில் மீண்டும் நுரையீரல் பிளேக் தலைதூக்கியபோது அந்த முன்னேற்பாடு கைகொடுத்தது. முதல் முறையைவிட மிகக் குறைந்த உயிர்ச்சேதத்துடன் நோய் கட்டுப்படுத்தப்பட்டது. சீன மருத்துவச் சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1930ஆம் ஆண்டில் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புச் சேவைக்குத் தலைமை ஏற்றார். 1935ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசுக்கு அவருடைய பெயர் முன்மொழியப்பட்டது.

மீண்டும் மலாயா

1937ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை ஷங்ஹாய் நகரைத் தாக்கியது. பல ஆண்டு உழைப்பும் இல்லமும் போரில் சிக்கிய நிலையில், வூ தாயகம் திரும்பினார். ஈப்போவில் குடியேறி, பொது மருத்துவராகத் தொழிலைத் தொடங்கினார். நாடறிந்த பதவிகளை வகித்தவர், சிறு நகரில் எளிய மருத்துவராக அமர்ந்ததைத் தாழ்வாகக் கருதவில்லை. ஏழை நோயாளிகளிடம் கட்டணம் வாங்காமல் சிகிச்சை அளிப்பவர் என்று அவர் பெயர் பெற்றிருந்தார்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர் இரு பக்கமும் இடிபட்டார். எதிர்ப்புப் படையினர் அவரைக் கடத்திச் சென்று பணம் கேட்டனர். பணம் கொடுத்து விடுபட்டதும், எதிர்ப்புப் படைக்கு உதவியதாக ஜப்பானியர் அவர்மீது குற்றம் சாட்ட முனைந்தனர். முன்பு ஒரு ஜப்பானிய அதிகாரிக்கு அவர் சிகிச்சை அளித்திருந்தார். அந்தத் தொடர்பே அவரை அப்போது காப்பாற்றியது.

ஈப்போ மக்களுக்கு அறிவுச் செல்வமும் வேண்டும் என்று வூ விரும்பினார். நன்கொடை திரட்டி, கட்டணமின்றி நூல்களை இரவல் பெறும் பேராக் நூலகம் உருவாக உதவினார். இன்று அது துன் ரசாக் நூலகம் என்ற பெயரில் இயங்குகிறது. தம் வாழ்க்கை வரலாற்றை அவர் ஆங்கிலத்தில் விரிவாக எழுதினார். அந்நூல் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், தம் 80ஆம் வயதில், பிறந்த மண்ணான பினாங்கில் அவர் காலமானார்.

கிருமிகளின் கொடுக்கல் வாங்கல்

வூ ஈப்போவில் மருத்துவம் பார்த்த அந்த ஆண்டுகளில்தான் மருத்துவ உலகம் தலைகீழாக மாறியது. சல்ஃபா மருந்துகள் பரவின. பெனிசிலின், ஸ்திரெப்தோமைசின் போன்ற எதிருயிரி மருந்துகள் வந்தன. தொடக்கத்திலேயே கொடுத்தால் பிளேக் நோயையும் குணப்படுத்தும் மருந்துகள் கிடைத்தன. ஹார்பினில் கையறு நிலையில் நின்ற மருத்துவருக்கு, கிருமியை நேரடியாகக் கொல்லும் ஆயுதங்கள் முதுமையில் காணக் கிடைத்தன. தொற்றுநோய்களின் காலம் முடிந்துவிட்டது என்று கூடப் பலர் எண்ணத் தொடங்கினர்.

ஆனால், கிருமிகள் சும்மா இருக்கவில்லை. 1950களில் ஜப்பானில் இரத்தக் கழிச்சல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா, ஒன்றல்ல, நான்கு வகை மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படாமல் போனது. இது எப்படி நேர்ந்தது என்று மருத்துவர்கள் திகைத்தனர். வூவின் வாழ்க்கை வரலாறு வெளிவந்த அதே 1959ஆம் ஆண்டில், ஜப்பானிய ஆய்வாளர்கள் விடையைக் கண்டனர். மருந்துக்குக் கட்டுப்படாத குடல் பாக்டீரியாவையும் மருந்துக்குக் கட்டுப்படும் நோய்க் கிருமியையும் ஒன்றாக வளர்த்தபோது, முதலாவதன் எதிர்ப்பாற்றல் இரண்டாவதற்கும் வந்து சேர்ந்தது. ஒரு பாக்டீரியா தன் ஆற்றலை வேறு இனத்தைச் சேர்ந்த இன்னொன்றுக்குக் கொடுத்திருந்தது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு தாய் தன் மகளுக்குச் சமையல் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்கிறாள். அது தலைமுறை வழி வருவது. தோட்டத்து லயத்தில் அடுத்த வீட்டுக்காரர் அதே பக்குவத்தை எழுதி வாங்கிக்கொண்டு போகிறார். அது பக்கவாட்டில் பரவுவது. கொடுத்தவரிடமும் அது குறையாமல் இருக்கிறது. வாங்கியவரும் அன்றே சமைத்துவிடலாம். விலங்குகளும் மனிதர்களும் பெரும்பாலும் முதல் வழியில்தான் மரபணுக்களைப் பெறுகின்றனர். பாக்டீரியாக்கள் இரண்டு வழிகளையும் பயன்படுத்துகின்றன.

பாக்டீரியாவின் உடலுக்குள் முதன்மையான மரபணுத் தொகுதியோடு, பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களும் இருப்பதுண்டு. இரண்டு பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொட்டு இணையும்போது, இந்த வளையத்தின் படி ஒன்று மற்றதற்குச் செல்கிறது. வேறு சில பாக்டீரியாக்கள், இறந்துபோன பாக்டீரியாவிலிருந்து வெளியே சிதறிக் கிடக்கும் மரபணுக்களை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் நச்சுயிரிகளும் ஒன்றின் மரபணுவை இன்னொன்றுக்குச் சுமந்து செல்கின்றன. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் மட்டுமன்றி, நோயை உண்டாக்கும் ஆற்றலும் இவ்வழிகளில் கைமாறுகிறது. 1928ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் ஃபிரெடரிக் கிரிஃபித் இதற்குச் சான்று கண்டார். தீங்கற்ற நிமோனியா பாக்டீரியாவை, கொல்லப்பட்ட கொடிய பாக்டீரியாவோடு சேர்த்து எலிகளுக்குச் செலுத்தியபோது, தீங்கற்றவை கொடியவையாக மாறி எலிகளைக் கொன்றன.

வூ ஹார்பினில் நுண்ணோக்கியில் கண்ட பிளேக் பாக்டீரியாவின் கதையும் இதுவே. குடலில் வாழ்ந்து பொதுவாகச் சிறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவிலிருந்து அது தோன்றியது என்று இன்றைய மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. வழியில் அது இரண்டு பிளாஸ்மிட் வளையங்களை வெளியிலிருந்து பெற்றது. அவற்றுள் ஒன்று, தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் உயிர் வாழ அதற்கு உதவியது. இன்னொன்றில் உள்ள ஒரு மரபணு, மனித நுரையீரலை வேகமாக அழிக்கும் வீரியத்தைத் தந்தது. மஞ்சூரியாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அந்த வீரியம், கிருமி இரவல் வாங்கியது.

1995ஆம் ஆண்டில் மடகாஸ்கர் நாட்டில் பிளேக் கண்ட 16 வயதுச் சிறுவன் ஒருவனின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட பாக்டீரியா, பிளேக் நோய்க்குக் கொடுக்கும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. அந்த எதிர்ப்பாற்றல் முழுவதும் ஒரே பிளாஸ்மிட் வளையத்தில் இருந்தது. அவ்வளையம் வேறு பிளேக் பாக்டீரியாவுக்கும் மாறக்கூடியது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. தெள்ளுப்பூச்சியின் குடலுக்குள்ளேயே வேறு இனப் பாக்டீரியாவிடமிருந்து பிளேக் பாக்டீரியா இத்தகைய வளையத்தைப் பெற முடியும் என்பதும் பின்னர் கண்டறியப்பட்டது. நல்வேளையாக, இத்தகைய பிளேக் பாக்டீரியா இன்றும் அரிதாகவே காணப்படுகிறது. மற்ற நோய்க் கிருமிகளின் நிலை அவ்வாறில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

வூ விட்டுச் சென்ற பாடம்

எதிருயிரி மருந்தை நாம் தேவையின்றி உட்கொள்ளும் ஒவ்வொரு முறையும், மருந்துக்குக் கட்டுப்படும் பாக்டீரியாக்கள் மடிகின்றன. கட்டுப்படாதவை பிழைத்துப் பெருகுகின்றன. பெருகியவை தம் மரபணுவை மற்றவற்றுக்கும் கொடுக்கின்றன. சாதாரணச் சளிக்காய்ச்சலை உண்டாக்குவது நச்சுயிரி. அதை எதிருயிரி மருந்தால் கொல்ல முடியாது. இருந்தும், வீட்டில் மிஞ்சிய மாத்திரையை எடுத்து விழுங்குவோரும், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்போரும் இன்றும் உண்டு. நாம் மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளும் வேளையில், நம் குடலில் உள்ள கிருமிகள் எதிர்ப்பாற்றலைப் பகிர்ந்துகொள்கின்றன. மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உட்கொள்வதே முறை.

மருந்துகள் வலுவிழந்து வரும் இக்காலத்தில், மருந்தே இல்லாத காலத்தில் வூ செய்தவை புதிய பொருள் பெறுகின்றன. ஒரு பாக்டீரியா எத்தனை மரபணுக்களை இரவல் வாங்கினாலும், நம்மை வந்து சேராதவரை அதனால் நோயை உண்டாக்க முடியாது. பஞ்சு வைத்த துணியைக் கடக்கவோ, சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையில் தங்கவோ கிருமிக்கு எளிதில் முடிவதில்லை. நோயுற்றவர் வீட்டில் தங்கி ஓய்வெடுத்தால் வகுப்பறைக்குக் கிருமி வருவதில்லை. 2020ஆம் ஆண்டில் கோவிட்-19 நோய் பரவி, நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, ஹார்பினில் பின்பற்றப்பட்ட வழிகளையே நாமும் பின்பற்றினோம். அக்காலத்தில் வூவின் பெயரை உலகம் மீண்டும் நினைவுகூர்ந்தது.

பினாங்கு ஃபிரீ பள்ளியின் அருகே ஒரு குடியிருப்புப் பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஈப்போவிலும் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. அவ்வழியே நாள்தோறும் பலர் கடந்து செல்கின்றனர். அந்தப் பெயருக்கு உரியவர், கண்ணால் கண்டதை நம்பி, பெரியோர் மறுத்தபோதும் உண்மையில் உறுதியாக நின்று, மக்களின் உணர்வையும் மதித்துச் செயலாற்றியவர். அவர் கற்றுத்தந்த எளிய பழக்கங்களைக் கைவிடாமல் காப்பதும், இன்று நம்மிடம் உள்ள மருந்துகளை வீணாக்காமல் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வதும் நம் கடமையாகும்.